இரண்டாம் எண்

அருணாவை அந்த வேலைக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம் அவள் மலைக்காரி என்பதுதான். "உனக்கு வழி தெரியும், ஜனங்களத் தெரியும். கேபிளை மாட்டு, இன்னான்னு பாரு, சரி பண்ணிட்டு வந்துடு" என்றார் சதீஸ்குமார். வேலூரில் ஐந்தாறு பேரை வைத்து ஆட்டோமேஷன் கம்பெனி நடத்துபவர். அருணா அங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போக விருப்பமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. காரணம் கேட்டால் சொல்வதற்குத்தான் வரவில்லை.

பலாமரத்தூர் அவள் அம்மா பிறந்த ஊர். அங்கே பம்ப் ஆபரேட்டராக இருப்பவர் அவளுடைய தாய்மாமன் கோபால்சாமி. அவர்தான் தண்ணீரைத் திருடுகிறார் என்று பக்கத்து நெல்லிமேட்டுக்காரர்கள் மழைக்காலம் முடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா போனில் இதைச் சொல்லி அழுதிருக்கிறாள். முதலாளிக்கு இது ஒன்றும் தெரியாது.

இரண்டு ஊருக்கும் ஒரே கிணறு. ஓடைக்கரையில் இருக்கும் அந்தக் கிணற்றிலிருந்து மோட்டார் தண்ணீரைப் பாறைமேட்டின் உச்சியில் கட்டிய தொட்டிக்கு ஏற்றும். தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் பிரியும். ஒன்று பள்ளத்தில் இருக்கும் பலாமரத்தூரின் சின்னத் தொட்டிக்கு, இன்னொன்று சரிவின் மேற்பகுதியில் இருக்கும் நெல்லிமேட்டுக்கு. முன்பு வால்வைக் கையால் திறந்து மூடினார்கள். யார் சீக்கிரம் மூடினார், யார் தாமதமாகத் திறந்தார் என்று ஓயாத சண்டை. ஆள் கை படாமல் இருந்தால் சண்டை வராது என்று நினைத்துத்தான் ஊராட்சியில் பணம் வந்தபோது கன்ட்ரோலர் வைத்தார்கள்.

கன்ட்ரோலர் பார்க்கப் பெரிய டிபன் பாக்ஸ் அளவுதான். பம்ப் ஹவுஸ் சுவரில் ஒரு இரும்பு அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரட்டைக் கம்பி கேபிள் ஒன்று குழாயோடு சேர்ந்து மண்ணுக்கடியில் போகிறது. அந்த ஒரே கேபிளில் மூன்று பெட்டிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒன்று, தொட்டியின் மட்டத்தைச் சொல்லும் பெட்டி. இரண்டு, பலாமரத்தூர் வால்வு. மூன்று, நெல்லிமேட்டு வால்வு. கன்ட்ரோலர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அந்த எண்ணுக்குரிய பெட்டி மட்டும் பதில் சொல்லிவிட்டு, சொன்ன வேலையைச் செய்யும். காலையில் இரண்டாம் வால்வு திறக்கும், மாலையில் மூன்றாம் வால்வு. மழைக்காலத்தில் இடி இறங்கி நெல்லிமேட்டுப் பெட்டி கருகும்வரை இந்த ஏற்பாடு ஒழுங்காகவே நடந்தது. கம்பெனி வந்து புதுப் பெட்டி மாட்டியது. அதன் பிறகுதான் நெல்லிமேட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வரத் தொடங்கியது.

அவள் சந்தவாசல் வழியாகப் போளூர் போய், மலை பஸ் பிடித்து, பாதை பிரியும் இடத்தில் இறங்கினாள். இரண்டு பைக்குகள் நின்றன. ஒன்றின்மேல் மாமா. முகம் வற்றிப் போயிருந்தது. இன்னொன்றின்மேல் நெல்லிமேட்டு ராஜாக்கண்ணு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர், திருவிழாவில் அவளைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்.

"வாங்க மேடம்" என்றார் ராஜாக்கண்ணு. "எங்க வண்டியில ஏறுங்க. மொதல்ல எங்க ஊரப் பாத்துட்டு அப்புறம் மத்ததப் பாக்கலாம்."

அருணா மாமாவைப் பார்த்தாள். அவர் வண்டியின் டேங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நடந்தே வர்றேண்ணே" என்றாள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தாள். இரண்டு பேரும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார்கள். அந்த ஏற்றத்தில் மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

பம்ப் ஹவுஸ் வாசலில் இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாக நின்றிருந்தார்கள். அலமாரியின் கதவில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு பெட்டி பதில் சொல்லவில்லை என்பதற்கான அறிகுறி அது.

"இது எப்போலருந்து எரியுது மாமா?"

"அது எரிஞ்சிட்டேதான் கீது. ஊராட்சி ஆபீசுல சொன்னேன். ஆள் வருவாங்கன்னாங்க."

அவள் கன்ட்ரோலரை நிறுத்தி வைத்தாள். அதுவும் லேப்டாப்பும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெடும். லேப்டாப்பைத் திறந்து, ஒரு சின்ன கன்வெர்ட்டரைச் சொருகி, அதன் இரண்டு கம்பிகளையும் கேபிளின் இரண்டு கம்பிகளோடு முடுக்கினாள். ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கம்பிகளை இடம் மாற்றி முடுக்கினாள். பதில் இல்லை. கம்பெனி கொடுத்த வரைபடத்தில் எழுதியிருந்த, பெட்டிகள் பேசும் வேகம் சரிதானா என்று சந்தேகம் வந்து, வேகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். வாசலில் நின்ற கூட்டம் திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. இத்தனை பேர் பார்க்க அவள் வேலை செய்ததில்லை.

நான்காவது வேகத்தில் ஒன்றாம் பெட்டி பதில் சொன்னது. தொட்டியின் மட்டம் எண்ணாகத் திரையில் வந்தது. முக்கால் தொட்டி.

"பேசுதா?" என்றார் மாமா.

"ஒண்ணு பேசுது மாமா."

மூன்றைக் கூப்பிட்டாள். எதுவும் இல்லை. மீண்டும் மீண்டும் கூப்பிட்டாள். வெறும் அமைதி. இரண்டைக் கூப்பிட்டபோது பதில் வந்தது, ஆனால் உடைந்த பதில். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியதுபோல. பத்து முறை கூப்பிட்டால் ஒரு முறை ஏதோ புரிகிறாற்போல் வந்தது.

"மூணு எங்க ஊரு" என்றார் ராஜாக்கண்ணு, பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "மூணு பேசலன்னா ஒயர அறுத்திருக்காங்கன்னு அர்த்தம். இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

அருணாவுக்கும் அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது. அறுபட்ட கேபிள் இப்படித்தான் அமைதியாக இருக்கும். அவளை அறியாமல் மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான். அவர் அந்தப் பார்வையைக் கண்டுகொண்டார். வெளியே போய், கிணற்று மேடைமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நெல்லிமேட்டுப் பெட்டிவரை கேபிள் போகும் தடத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். ராஜாக்கண்ணுவும் கூட வந்தார். மண் எங்கேயும் கிளறப்படவில்லை. மேலே வால்வுக் குழிக்குப் பக்கத்தில் குப்பம்மா காலிக் குடங்களோடு நின்றிருந்தாள். அந்தத் தெருக்குழாய்க்கு முதல் ஆளாக வருபவள் அவள்.

"இன்னா பொண்ணே, கண்டுபிடிச்சியா?"

"இன்னும் இல்ல பெரிம்மா. சுத்தமா வர்றதில்லியா?"

"காலைல உங்க ஊரு முறை நடக்கும்போது கொஞ்சம் சொட்டும். சாயங்காலம் எங்க முறைக்கு அதுவும் கெடையாது. எங்க முறைக்கு நாங்க ஓடைக்குப் போறோம்."

அருணா நின்றாள். கேபிள் அறுந்திருந்தால் இந்த வால்வு காலையில் மட்டும் எப்படித் திறக்கும்? அவள் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. கம்பிகள் இறுக்கமாக இருந்தன. ஓரத்தில், பெட்டிக்கு எண் கொடுப்பதற்கான குட்டி சுவிட்சுகள் பல்வரிசை போல இருந்தன. முதல் பல்லுக்கு மதிப்பு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு; மேலே இருப்பவற்றைக் கூட்டினால் எண். இரண்டாவது பல் மட்டும் மேலே தூக்கியிருந்தது. அப்படி இருந்தால் அந்தப் பெட்டியின் எண் இரண்டு. மூன்றாக இருக்க வேண்டுமானால் முதல் பல்லும் மேலே இருக்க வேண்டும்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புதுப் பெட்டியை மாட்டியவர் எண்ணைப் பார்க்கவில்லை. இப்போது ஒரே கேபிளில் இரண்டாம் எண்ணுக்கு இரண்டு பெட்டிகள். இரண்டும் ஒரே நேரத்தில் பேசியதால்தான் பதில் உடைந்து வந்தது. கன்ட்ரோலர் காலையில் 'இரண்டே, திற' என்றால் இரண்டு வால்வும் திறந்துவிடும். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிடும், மேட்டுக்குச் சொட்டும். மாலையில் 'மூன்றே, திற' என்றால் அந்தப் பெயரில் யாருமே இல்லை. தொட்டியில் நிற்கும் தண்ணீர் மறுநாள் காலையில் மறுபடியும் பள்ளத்துக்கே போகும்.

ஒரு பல்லை மேலே தூக்கினால் முடிந்தது. அவள் விரல் அதன்மேல் போய்விட்டது.

"இன்னா பண்றீங்க அதுல?" என்றார் ராஜாக்கண்ணு.

விரலை எடுத்துக்கொண்டாள். இப்போது தூக்கிவிட்டால் மாலையில் இங்கே தண்ணீர் கொட்டும். மாமன் அடைத்ததை மருமகள் வந்து திறந்துவிட்டாள் என்றுதான் இரண்டு ஊரும் சொல்லும். அவள் வாயால் எத்தனை விளக்கினாலும் அது மாமனுக்காகச் சொல்லும் பேச்சாகவே இருக்கும். மாமா சாகும்வரை தண்ணீர் திருடியவராகத்தான் இருப்பார்.

"அண்ணே, நான் இந்தப் பெட்டியத் தொடல. நீங்க இங்கயே நில்லுங்க. பக்கத்துல யாரையும் விடாதீங்க. வால்வு அசைஞ்சா கத்துங்க, போதும்." குப்பம்மாவிடம் திரும்பினாள். "பெரிம்மா, நீங்க என்கூட கீழ வாங்க. எனக்கு ஒரு கை வேணும்."

"எனக்கு இன்னா தெரியும் அதுல?"

"ஒண்ணும் தெரிய வேணாம்."

பலாமரத்தூர் வால்வுப் பெட்டி சரிவுக்கு எதிர்ப்பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தது. கூட்டம் மொத்தமும் அங்கே வந்து சேர்ந்தது. மாமா வரவில்லை. அருணா லேப்டாப்பை ஒரு கல்லின்மேல் வைத்து, கன்வெர்ட்டரை அங்கே கேபிளில் இணைத்தாள்.

"இது ரெண்டாம் நம்பர் பெட்டி. பலாமரத்தூரோடது" என்றாள் எல்லோருக்குமாக. "பெரிம்மா, இந்தப் பச்சைக் கட்டையப் புடிச்சி இழுங்க. கம்பியோட வந்துடும்."

குப்பம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். தயங்கித் தயங்கி இழுத்தாள். கட்டை கம்பியோடு கையில் வந்தது.

"இப்ப இந்தப் பெட்டிக்கும் கேபிளுக்கும் சம்பந்தம் இல்ல. கூப்ட்டா பதில் சொல்ல முடியாது. சரிங்களா?"

"கட்டை என் கையில இருக்குதே, அப்புறம் எங்க சொல்றது" என்றாள் குப்பம்மா.

"இப்ப நான் ரெண்டாம் நம்பரக் கூப்பிடுறேன். இந்த பட்டனை நீங்களே அமுக்குங்க."

குப்பம்மா ஒரு விரலால் அமுக்கினாள். திரையில் பதில் வந்தது. உடையாத, தெளிவான பதில். அருணா அந்த வரியைக் காட்டினாள். "ரெண்டு பேசுது."

"பெட்டிதான் இங்க செத்துக் கெடக்குதே" என்றான் பலாமரத்தூர்க்காரன் ஒருவன். "அப்ப யாரு பேசறது?"

"அதையும் பாத்துடலாம். பெரிம்மா, இப்ப இந்த பட்டன். ரெண்டாம் நம்பர் வால்வத் தெறன்னு சொல்றோம்."

குப்பம்மா அமுக்கினாள். அவர்கள் முன்னால் இருந்த வால்வு அசையவில்லை. இரண்டு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எதிர்ச் சரிவிலிருந்து ராஜாக்கண்ணுவின் குரல் வந்தது.

"தெறக்குது! ஏய், இங்க தெறக்குது! யாரும் தொடல, அதுவே சுத்துது!"

மூடச் சொன்னார்கள். மூடியது. நம்பாமல் இன்னொருவர் வந்து அமுக்கினார். மறுபடி திறந்தது. ராஜாக்கண்ணு ஒவ்வொரு முறையும் கத்தினார். குப்பம்மா கையில் இருந்த கட்டையைப் பார்த்தாள், எதிர்ச் சரிவைப் பார்த்தாள்.

"எங்க பெட்டிக்கு உங்க பெட்டி நம்பர வெச்சுட்டுப் போய்ட்டாங்களா?"

"ஆமா பெரிம்மா. மழையில புதுப் பெட்டி மாட்டுனப்போ. அது எங்க கம்பெனி செஞ்ச தப்பு. எங்க மாமா செஞ்சது இல்ல, பலாமரத்தூர்க்காரங்க யாரும் செஞ்சது இல்ல."

எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேலே போய், அவர்கள் பார்க்க முதல் பல்லைத் தூக்கினாள். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தாள். மூன்றைக் கூப்பிட்டாள். மூன்று பதில் சொன்னது. ராஜாக்கண்ணு பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் அந்தப் பல்லைப் பார்த்தார். நகக்கண் அளவுகூட இல்லை.

"மிஷின் தப்புன்னா மிஷின் தப்பு" என்றார் கடைசியில். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் கட்டையை மறுபடி மாட்டிவிட்டு, கன்ட்ரோலரை ஓடவிட்டாள்; சிவப்பு விளக்கு அணைந்தது. போன் சிக்னல் கிடைப்பது தொட்டிப் பாறையின்மேல் மட்டும்தான். அங்கே ஏறி முதலாளியைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"இடியில செட்டிங் மாறிடுச்சுன்னு சொல்லிடலாமே அருணா" என்றார் சதீஸ்குமார். "கம்பெனி பேரு கெடும்."

"எல்லார் முன்னாடியும் காட்டிட்டேன் சார். நம்ம தப்புன்னும் சொல்லிட்டேன்."

சிக்னல் நழுவாத இடமாகப் பாறையில் தள்ளி உட்கார்ந்தாள்.

"நான்தான் மாட்டுனேன்" என்றார் அவர். "அன்னிக்கு ஆள் இல்ல. செம மழை. ரெண்டாம் பெட்டிக்கு ஸ்பேரா வச்சிருந்தத எடுத்து மாட்டிட்டு, வால்வு ஒரு தடவ அசைஞ்சதும் கெளம்பிட்டேன். பஸ்ஸ விட்டா வேற வண்டி இல்லன்னாங்க." பிறகு கேட்டார். "அதுக்கு யாரையாச்சும் திட்டுனாங்களா அங்க?"

"ஆபரேட்டர சார். என் மாமாதான் அவரு."

"நீ சொல்லவே இல்லியே" என்றார். பிறகு, "அடுத்த வாரம் நானே வர்றேன். அவர்கிட்ட நான் பேசணும்" என்றார்.

மத்தியானம் மாமா வீட்டில் சாமைச் சோறும் கொள்ளு ரசமும். அத்தை சாந்தம்மாள் பரிமாறும்போதே குறைபட்டுக்கொண்டாள். "கெட்ட பேரு போனதெல்லாம் சரி. தண்ணி நல்லா வந்துட்டிருந்திச்சு. இனிமே பாதிதான்னு தெருவுல பேசிக்கிறாளுங்க. நம்ம வூட்டுப் பொண்ணே வந்து நம்ம குழாய அடச்சுட்டுப் போய்ட்டான்னு."

"சும்மா இரு" என்றார் மாமா. கொஞ்சம் சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

"நீ அப்பிடிப் பாத்தியே, பம்ப் ஹவுஸ்ல" என்றார்.

அருணா தட்டிலிருந்து கையை எடுத்தாள். "மாமா, நான்..."

"தப்பில்ல. நான் ஒயர அறுக்கல. ஆனா நம்மூர்ச் சின்னத் தொட்டி வழிஞ்சு வாய்க்கால்ல ஓடுனத பாத்தேன். தெனமும் பாத்தேன். அந்தச் சேப்பு லைட்டயும் பாத்தேன். ஆபீசுல ஒரு வாட்டி சொன்னேன், ரெண்டாவது வாட்டி சொல்லல. தண்ணி வரும்போது எதுக்கு வருதுன்னு போய்க் கேக்கணும்னு தோணல. வரலன்னா ஓடியிருப்பேன்."

அத்தை கரண்டியோடு நின்றாள். அருணா ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

அன்று மாலை நெல்லிமேட்டு முறை. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, "வர்றியா?" என்றார். பைக் வேண்டாம் என்று நடந்தே போனார்கள். தெருக்குழாயைச் சுற்றிக் குடங்கள் வரிசையாக இருந்தன. அவரைக் கண்டதும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழாய் முதலில் காற்றாக இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் துப்பியது. பிறகு கை கனத்துக்குத் தண்ணீர் இறங்கியது. குப்பம்மா கலங்கலாக நிறைந்த முதல் குடத்தைத் தரையில் கவிழ்த்துவிட்டு இரண்டாவதை வைத்தாள்.

ராஜாக்கண்ணு கொஞ்சம் தள்ளி வேலியோரம் நின்றிருந்தார். மாமா அவரைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க ஊருச் சின்னத் தொட்டி வழிஞ்சது எனக்குத் தெரியும். ஏன்னு பாக்காம வுட்டுட்டேன். அது மிஷின் தப்பு இல்ல."

யாரும் அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போடவில்லை, கை குலுக்கவும் இல்லை.

"தெரியும்" என்றார் ராஜாக்கண்ணு. "உங்க வாய்க்கால்ல ஈரத்தப் பாத்துட்டுத்தான் நாங்க சண்டைக்கே வந்தோம். ஒயர அறுத்தீங்கன்னு சொன்னது அதிகம். அத நான் சொல்லியிருக்கக் கூடாது." வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "இனிமே உங்க ஊரு ஒருத்தர், எங்க ஊரு ஒருத்தர், ரெண்டு பேரும் சேந்து பம்ப் ஹவுஸ்ல இருக்கட்டும். லைட்டு எரிஞ்சா ரெண்டு பேருக்கும் தெரியும்."

"யாரு வருவீங்க?" என்றார் மாமா.

"நான் வர்றேன்" என்றாள் குப்பம்மா, குடத்திலிருந்து தலை நிமிராமல். "இன்னிக்குப் பூரா நான்தான அமுக்குனேன்."

சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை. ஒரு பெண்ணின் குடம் நிரம்பி வழியப் போவதைக் கண்டு, குனிந்து அதைத் தள்ளி, அடுத்த குடத்தை அங்கே வைத்தார். அந்தப் பெண் நிரம்பியதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.